குடோனில் சீரியல் நம்பர் கணக்கு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடலூர் இம்பீரியல் ரோட்டில் ஓர் ஏ.சி. கடை, மஞ்சக்குப்பத்தில் அதன் குடோன் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி., ஒரே மாடலில் 12 செட் இருக்கிறது. கம்ப்யூட்டரில் 12, எண்ணிப் பார்த்தாலும் 12. மே மாத வெயிலில் ஒரு வாடிக்கையாளர் கம்ப்ரசர் ஓடவில்லை என்று பில்லோடு வருகிறார். சர்வீஸ் ஆள் அவுட்டோர் யூனிட்டின் சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்தால், அது வேறொருவர் பெயரில் வாரண்டி பதிவாகி இருக்கிறது. லாரியில் ஏற்றும்போது பெட்டி மாறிவிட்டது. எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. எண்ணிக்கைக் கணக்குக்கு அந்தப் பன்னிரண்டும் ஒன்றுதான் என்பதால், இந்தத் தவறு அதன் கண்ணில் படவே படாது.

அந்தப் பன்னிரண்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் வைத்து, எந்த பில்லில் வந்தது, இப்போது எங்கே இருக்கிறது, யாருக்குப் போனது என்று தொடர்வதுதான் சீரியல் நம்பர் கணக்கு. மென்பொருளில் இதற்கு ஒரு டிக் போட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். டிக் போடுவது ஒரு நிமிட வேலை. பெட்டியைக் கையில் தொடும் ஒவ்வோர் இடத்திலும் எண்ணைப் பிடிக்கும் பழக்கம்தான் மிச்ச வேலை முழுவதும்.

பெட்டியில் இருக்கும் எண்களைப் பிரித்தறிவது

பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பார்கோடு இருக்கும். 890 என்று தொடங்கும் 13 இலக்க எண், பொருளின் எண். பார்கோடு எண்களை ஒதுக்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவு செய்த நிறுவனங்களுக்கு உரிய முன்னொட்டு அந்த 890. அதே மாடலின் எல்லாப் பெட்டியிலும் இதே எண்தான் இருக்கும். இன்னொன்று கம்பெனியின் மாடல் எண். பெட்டிக்குப் பெட்டி மாறுகிற எண் எதுவோ, அதுதான் சீரியல் நம்பர். சந்தேகம் இருந்தால் ஒரே மாடலின் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், உடனே தெரிந்துவிடும்.

பேட்ச் எண் இதிலிருந்து வேறு. பெயின்ட், மருந்து, விதை, டைல்ஸ் ஆகியவற்றில் ஒரே ஓட்டத்தில் தயாரான அத்தனைக்கும் ஒரே பேட்ச் எண் இருக்கும். ஒரு பேட்சில் 500 டப்பாகூட இருக்கலாம். ஆனால் ஒரு சீரியல் நம்பரின் இருப்பு ஒன்று, அல்லது பூஜ்யம். இரண்டு என்று ஆகவே கூடாது. மென்பொருள் செய்யும் எல்லாச் சோதனையும் இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது: இருக்கும் எண்ணை மறுபடி வரவு வைக்க விடாது, இல்லாத எண்ணை விற்க விடாது, மூன்று பெட்டிக்கு பில் போட்டால் மூன்று எண் கேட்கும்.

இரண்டு கம்பெனிகள் தற்செயலாக ஒரே சீரியல் நம்பரை அச்சிட்டிருக்க வாய்ப்புண்டு. ஆகவே மென்பொருள் ஐட்டம் கோடும் (அந்த மாடலுக்கு மென்பொருளில் உள்ள குறியீடு) சீரியல் நம்பரும் சேர்ந்ததையே ஓர் அடையாளமாகக் கொள்வது நல்லது. சில மென்பொருள்கள் எல்லாப் பொருளுக்கும் சேர்த்து ஒரு எண் ஒருமுறைதான் வரலாம் என்று பிடிவாதம் பிடிக்கும். வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

குடோனில் உள்ள எல்லாவற்றுக்கும் சீரியல் கணக்கு வைக்கக் கிளம்புவதுதான் புதியவர்கள் முதலில் செய்யும் தவறு. பி.வி.சி. பைப்புக்கும் ஸ்விட்சுக்கும் இது தேவையில்லை. ஸ்கேன் செய்யும் நேரமும் ஸ்டிக்கர் செலவும் வீண், நாலாவது நாள் ஆட்கள் சலித்துப்போய் முக்கியமானதையும் ஸ்கேன் செய்யாமல் விட்டுவிடுவார்கள். தனித்தனி வாரண்டி உள்ளது, சர்வீசுக்குத் திரும்பி வருவது, விலை அதிகமாக இருந்து எளிதில் காணாமல் போவது என்ற மூன்றில் ஒன்று பொருந்தினால் சீரியல் வையுங்கள். ஏ.சி., ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், பேட்டரி, நீர்மூழ்கி மோட்டார், லேப்டாப், செல்போன் எல்லாம் இதில் அடங்கும். காலாவதித் தேதி மட்டுமே கவலை என்றால் பேட்ச் போதும்.

இன்னொரு நடுவழியும் உண்டு. வரும்போதும் உள்ளே நகரும்போதும் எண்ணிக்கை மட்டும், வெளியே போகும்போது மட்டும் சீரியல் நம்பர். வாரண்டிக்கு மட்டும்தான் எண் தேவை என்றால், இடவசதியும் ஆட்களும் குறைந்த கடைக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் குடோனில் திருட்டு நடந்தால் எந்த எண் போனது என்று இந்த முறையில் சொல்ல முடியாது. சப்ளையர் 20 அனுப்பியதாகச் சொல்லி அதில் ஒன்று ஏற்கெனவே வேறு டீலருக்கு பில் ஆன எண்ணாக இருந்தாலும் விற்கும்வரை தெரியாது. எதற்காக எண் வைக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் எந்த முறை என்பது தானே விளங்கும்.

ஒரு பொருள், இரண்டு எண்

ஸ்பிளிட் ஏ.சி.யில் இண்டோருக்கு ஒரு சீரியல் நம்பர், அவுட்டோருக்கு ஒரு சீரியல் நம்பர். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு ஐஎம்இஐ (போனின் தனி அடையாள) எண்கள். ஐஎம்இஐ 15 இலக்கம்; கடைசி இலக்கம் முந்தைய 14-இலிருந்து கணக்கிடப்படுவது. அதனால் ஓர் இலக்கம் தப்பாக அடித்தால், அந்தச் சோதனை உள்ள மென்பொருள் அங்கேயே நிறுத்திவிடும். பெட்டியில் உள்ளதும் போனில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்க *#06# அடித்தால் திரையிலேயே வரும்.

ஏ.சி.க்கு எங்கள் பரிந்துரை இது: இண்டோர் ஒரு ஐட்டம், அவுட்டோர் ஒரு ஐட்டம் என்று தனித்தனியாக வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு செட் ஐட்டம் உருவாக்குங்கள். பில்லில் செட் ஒன்று என்றுதான் வரும், உள்ளே இரண்டு எண் பதிவாகும். போகும் வழியில் அவுட்டோர் மட்டும் நசுங்கி கம்பெனி அதை மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஒரு பாதியை மட்டும் திருத்த முடியும். ஒரே ஐட்டமாக வைத்து, 'இண்டோர் எண், சாய்கோடு, அவுட்டோர் எண்' என்று ஒரே கட்டத்தில் சேர்த்து அடிப்பவர்கள் ஆறு மாதத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஓர் எண்ணை மட்டும் ஸ்கேன் செய்து தேடினால் மென்பொருளுக்கு அது கிடைக்காது. மென்பொருளில் செட் வசதி இல்லையென்றால், அவுட்டோர் எண்ணை சீரியலாகவும் இண்டோர் எண்ணைத் தனியாக ஒரு கூடுதல் புலத்திலும் (தகவல் நிரப்பும் இன்னொரு கட்டம்) வையுங்கள். கம்ப்ரசர் வாரண்டிதான் நீண்டது, அது அவுட்டோரில் இருக்கிறது.

போனின் இரண்டு ஐஎம்இஐக்கு இப்படிப் பிரிக்க வேண்டாம். போன் ஒன்றுதான், பிரிந்து போகாது. முதல் ஐஎம்இஐ சீரியல், இரண்டாவது கூடுதல் புலம்.

சரக்கு இறங்கும் நேரம்

லாரியிலிருந்து இறக்கும்போது வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் சப்ளையர் பில்லோடு மாடலும் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நசுங்கிய, நனைந்த பெட்டிகளைத் தனியே ஒதுக்குங்கள். பிறகு கம்ப்யூட்டரில் சரக்கு வரவுச் சீட்டைத் திறந்து, ஐட்டத்தையும் எண்ணிக்கையையும் போட்டு, சீரியல் கட்டத்தில் கர்சரை வைத்து ஒவ்வொரு பெட்டியாக ஸ்கேன் செய்யுங்கள். 20 என்று போட்டிருந்தால் 20 எண் வந்தால்தான் சேமிக்க விடும். கடைசியில் ஒன்று குறைந்தால், ஒரு பெட்டி ஸ்கேன் ஆகாமல் விட்டுப்போயிருக்கும், அல்லது ஒரே பெட்டியில் இரண்டு முறை அடித்திருப்பீர்கள். ஸ்கேன் ஆன பெட்டியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவது பழைய வழி, இன்றைக்கும் அதைவிட நல்ல வழி இல்லை.

சில கம்பெனிகள் சீரியல் பட்டியலை எக்செல் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பும், சில 'இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை' என்று மட்டும் சொல்லும். வரம்பைக் கொடுத்தால் நடுவிலுள்ள எண்களை மென்பொருளே நிரப்பிக்கொடுக்கும், வேலை அரை நிமிடத்தில் முடியும். ஆனால் அந்த வரிசையில் தரச் சோதனையில் கழிக்கப்பட்ட எண்கள் இருக்கலாம், வேறு டீலருக்குப் போனவையும் இருக்கலாம். பட்டியலை ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் பெட்டிகளையும் ஸ்கேன் செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்து பெட்டியில் இல்லாதது, பெட்டியில் இருந்து பட்டியலில் இல்லாதது என இரண்டு குறைகளையும் லாரி டிரைவர் கிளம்புவதற்குள் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் வழக்கடிக்க வேண்டியிருக்காது.

எக்செல் கோப்பில் ஒரு பொறி இருக்கிறது. எண்கள் மட்டுமே கொண்ட நீண்ட சீரியலை எக்செல் ஒரு தொகையாக எடுத்துக்கொள்ளும். முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் 16-ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யமாகிவிடும், திரும்பக் கிடைக்காது. 19 அல்லது 20 இலக்கம் கொண்ட சிம் கார்டு எண்களில் இது அடிக்கடி நடக்கிறது. நூறு சிம்மும் ஒரே எண்ணாகிப் போவதால் மென்பொருள் 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது' என்று சொல்லி நின்றுவிடும். கோப்பைத் திறந்த பிறகு வடிவத்தை மாற்றிப் பயனில்லை. ஏற்றும்போதே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவம் என்று குறித்துத்தான் உள்ளே எடுக்க வேண்டும்.

ஸ்கேனர் படுத்தும் பாடு

யு.எஸ்.பி. ஸ்கேனர், கம்ப்யூட்டரின் கண்ணுக்கு ஒரு கீபோர்டுதான். படித்த எண்ணை மடமடவென்று தட்டச்சு செய்து கடைசியில் என்டர் தட்டும். இது புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினைக்குக் காரணம் தெரிந்துவிடும். தமிழ்99 கீபோர்டு இயங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்கேன் செய்தால், சீரியலில் உள்ள ஆங்கில எழுத்துகள் தமிழ் எழுத்துகளாக விழும். கேப்ஸ் லாக் போட்டிருந்தால் பெரிய எழுத்து சின்ன எழுத்தாகலாம். பில் போடும் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்துவிட்டு அப்படியே ஸ்கேன் செய்யும்போதுதான் இது நடக்கும். எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக மாற்றி, முன்பின் உள்ள இடைவெளியை நீக்கிச் சேமிக்கும்படி மென்பொருளில் அமைத்துவிடுங்கள். தமிழ் எழுத்து வந்தால் மறுக்கச் சொல்லுங்கள். என்டர் விழாமல் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் ஸ்கேனரோடு வந்த கையேட்டில் அதற்கென்று ஒரு பார்கோடு இருக்கும், அதை ஒருமுறை ஸ்கேன் செய்தால் சரியாகிவிடும்.

வாங்கும்போது கோடுகளோடு கட்டங்களையும் படிக்கும் ஸ்கேனராக வாங்குங்கள். கட்டக் குறியீடுகளான க்யூஆரும் டேட்டா மேட்ரிக்சும் பெருகிவிட்டன, கோடுகளை மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் அவற்றைப் பார்த்தும் பாராமல் இருக்கும்.

கட்டக் குறியீட்டில் இன்னொரு சிக்கல். ஜிஎஸ்1 முறையில் அச்சிட்டிருந்தால் ஒரே குறியீட்டுக்குள் பல தகவல் இருக்கும்: 01 என்ற முன்னெண்ணுக்குப் பின் 14 இலக்கப் பொருள் எண், 10-க்குப் பின் பேட்ச், 17-க்குப் பின் காலாவதித் தேதி, 21-க்குப் பின் சீரியல். மென்பொருளுக்கு இதைப் பிரிக்கத் தெரியாவிட்டால் முழு நீளத்தையும் சீரியல் நம்பராக விழுங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் கழித்து வாடிக்கையாளர், பொருளின் பெயர்த்தட்டில் உள்ள எண்ணைத் தொலைபேசியில் படித்துச் சொல்லும்போது 'அப்படி ஓர் எண் இல்லை' என்று வரும்.

அவசரத்தில் 890 பார்கோடை சீரியல் கட்டத்தில் அடிப்பதுதான் எல்லாவற்றிலும் சாதாரணமான தவறு. முதல் பெட்டிக்கு மென்பொருள் ஏற்றுக்கொள்ளும், இரண்டாவது பெட்டிக்குத்தான் 'ஏற்கெனவே உள்ளது' என்று கத்தும். ஒரே ஒரு பெட்டி வந்த நாளில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதற்கு மருந்து, ஒவ்வொரு மாடலுக்கும் சீரியலின் வடிவத்தை விதியாக எழுதிவைப்பது: எத்தனை எழுத்து, எந்த எழுத்தில் தொடங்கும், எந்த இடத்தில் எண் மட்டும் வரும். மென்பொருளில் விதி எழுத வசதி இல்லையென்றால் நீளத்தையாவது கட்டாயமாக்குங்கள். 13 இலக்கம் வந்தால் மறுக்கும்படி ஒரு சின்னச் சோதனை வைத்தாலே பெரும்பகுதி பிடிபடும். கையால் அடிக்க நேர்ந்தால் பூஜ்யத்தையும் 'ஓ'வையும், ஒன்றையும் 'ஐ'யையும், எட்டையும் 'பி'யையும் இரண்டு முறை பாருங்கள்.

கம்பெனி எண் இல்லாத சரக்குக்கு

உள்ளூரில் அசெம்பிள் செய்த ஸ்டெபிலைசர், பேனல் போர்டு போன்றவற்றுக்கு எண் இருக்காது; நாமே ஒட்ட வேண்டும். ஆண்டு, மாதம், ஐந்து இலக்க வரிசை என்று 2507-00431 போல வைத்தால் போதும். மாடல், நிறம், சப்ளையர் என்று எல்லாவற்றையும் எண்ணுக்குள் திணிக்காதீர்கள், அதெல்லாம் மென்பொருளில் வேறு புலத்தில் இருக்கிறது. நீளம் மாறக் கூடாது, ஒருமுறை பயன்படுத்திய எண்ணை ஸ்டிக்கர் கிழிந்துபோனாலும் வேறு பொருளுக்குக் கொடுக்கக் கூடாது.

புதுச்சேரி, கடலூர் கடற்கரைக் காற்றில் காகித ஸ்டிக்கர் சீக்கிரம் உரிந்துவிடும். மை இல்லாமல் வெப்பத்தில் மட்டும் அச்சாகும் ஸ்டிக்கர், தகரக் கூரைக்குக் கீழே சில மாதங்களில் வெளுத்துப் படிக்க முடியாமல் போகும். நீண்ட வாரண்டி உள்ள பொருளுக்கு ரிப்பன் போட்டு அச்சிடும் பிரிண்டரும், பாலியஸ்டர் ஸ்டிக்கரும், ரெசின் ரிப்பனும் சேர்த்து வாங்குங்கள். 50-க்கு 25 மில்லிமீட்டர் அளவு பெரும்பாலான பொருளுக்குச் சரியாக இருக்கும். ஒன்று பெட்டிக்கு, ஒன்று பொருளின் உடம்புக்கு என இரண்டு ஒட்டுங்கள். பெட்டி குப்பைக்குப் போய்விடும்.

வெளியே போகும் வாசல்

ஒரே ஓர் இடத்தில்தான் ஸ்கேன் செய்ய முடியும் என்றால் அந்த இடம் சரக்கு வெளியேறும் வாசலாக இருக்கட்டும். வரவில் நடந்த தவறை அடுத்த ஸ்டாக் சோதனையில் பிடித்துவிடலாம். வெளியே போன பெட்டியின் எண் தவறாகப் போனால் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் மாட்டியான பிறகு திருத்துவது மிகச் சிரமம்.

தவறு நடக்கும் விதம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். பில் போடுபவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், சீரியல் கட்டத்தைத் திறந்தால் கையிருப்பு எண்களின் பட்டியல் வருகிறது. முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து பில் அடித்துவிடுகிறார். பின்னால் குடோனில் இருப்பவர் கைக்கு எட்டிய பெட்டியை ஏற்றுகிறார். பில்லில் ஓர் எண், வண்டியில் ஓர் எண். இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள், வேலையின் வரிசைதான் தலைகீழ்.

வரிசையை இப்படித் திருப்புங்கள். ஆர்டரில் மாடலும் எண்ணிக்கையும் மட்டும் இருக்கட்டும். குடோன் ஆள் பெட்டியை எடுத்து, போனிலோ கையடக்க ஸ்கேனரிலோ ஸ்கேன் செய்து டெலிவரி சலான் (சரக்கோடு போகும் சீட்டு) போடட்டும். அந்தச் சலானிலிருந்து எண்ணை இழுத்துத்தான் பில் உருவாக வேண்டும். பில் போடுபவருக்குப் பட்டியலிலிருந்து எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே வேண்டாம். எண்ணை பில்லிலும் அச்சிடுங்கள், வாடிக்கையாளர் தன் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இது செலவில்லாத இன்னொரு சோதனை.

இன்வெர்ட்டர் பேட்டரியில் எந்த எண் முதலில் போகிறது என்பதும் முக்கியம். ஈய அமில பேட்டரி சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். நீண்ட நாள் அப்படியே விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து திறன் குறையும். பழையது முதலில் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மென்பொருள் பொதுவாக நம் குடோனுக்கு வந்த தேதியைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்தும். நேற்று வந்த லோடில் இருப்பது போன மாதம் வந்ததைவிடப் பழைய தயாரிப்பாக இருக்கலாம். தயாரித்த மாதத்தை ஒவ்வொரு சீரியலோடும் தனிப் புலமாகப் பதிந்து, அதன்படி எடுக்கச் சொல்லுங்கள். பல கம்பெனிகளின் பேட்டரி எண்ணுக்குள்ளேயே மாதமும் ஆண்டும் குறியீடாக இருக்கும், டீலர் கையேட்டில் விளக்கம் கிடைக்கும்.

திரும்பி வருவது

திரும்பி வரும் பொருளை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், பேச்சு அப்புறம். அந்த எண் நம் பில்லில் போனதா, எந்தத் தேதியில், யாருக்கு என்று திரையில் வரும். பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல் பொருளின் உடம்பில் உள்ள பெயர்த்தட்டைப் பாருங்கள். பழைய பொருளைப் புதிய பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது நடக்கிற காரியம்தான்.

பழுது பார்த்துத் திரும்பும் பொருளுக்குப் புதிய எண் கொடுக்கக் கூடாது. அதே எண்ணின் நிலை மட்டும் மாற வேண்டும்: விற்றது, சர்வீசில் உள்ளது, திரும்பக் கொடுத்தது. கம்பெனி வேறு பொருளை மாற்றிக் கொடுத்தால் பழைய எண் 'கம்பெனிக்குத் திருப்பியது' என்று முடியும், புதிய எண் அதோடு இணைக்கப்படும். பெரும்பாலான கம்பெனிகள் மாற்றிக் கொடுத்ததற்கும் முதல் பில் தேதியிலிருந்து மீதமுள்ள காலத்துக்கே வாரண்டி தருகின்றன. மென்பொருள் தானாக இன்றைய தேதியிலிருந்து வாரண்டியைத் தொடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததை நல்ல சரக்கோடு சேர்க்காமல், மென்பொருளில் 'சோதனை' என்று ஒரு தனி இடம் உருவாக்கி அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே அது யாருக்காவது புதிதாக விற்கப்பட்டுவிடும்.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே ஒரு கோடு

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் குடோன், கடலூரில் கடை. பேருந்தில் ஒரு மணி நேரம்தான், ஆனால் ஜிஎஸ்டியில் மாநிலக் குறியீடு புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. முதலாளி ஒருவரேயானாலும் இரண்டு பதிவு, சட்டத்தின் கண்ணில் இரண்டு வெவ்வேறு நபர்கள். குடோனிலிருந்து கடைக்குச் சரக்கு நகர்ந்தால் அது வெறும் இடமாற்றம் ஆகாது. ஐஜிஎஸ்டியோடு (மாநிலங்களுக்கிடையேயான ஜிஎஸ்டி) வரி பில் போட வேண்டும், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) வேண்டும்.

சீரியல் கணக்கில் இதன் விளைவு என்ன? புதுச்சேரி புத்தகத்தில் அந்த எண் 'விற்றது' ஆகிவிடும், கடலூர் புத்தகத்தில் 'வாங்கியது' ஆகும். இரண்டும் ஒரே மென்பொருளில் ஒரே தரவுத்தளத்தில் இருந்தால், சில மென்பொருள்கள் அதே எண்ணை இரண்டாம் முறை வரவு வைக்க மறுக்கும். அப்படி மறுக்கும்போது எண்ணின் கடைசியில் ஒரு புள்ளியோ எழுத்தோ சேர்த்து ஏமாற்றிச் சேமிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த எண் இனி எந்தத் தேடலிலும் சரியாக வராது. கிளைகளுக்கிடையே பில் போடும் வசதி உள்ள மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, எண் கைமாறும்படி அமைக்கச் சொல்லுங்கள். வாரண்டியும் இந்தக் கிளை பில்லின் தேதியில் தொடங்கக் கூடாது. கிளை என்று குறித்த வாடிக்கையாளருக்கு வாரண்டி தொடங்காது என்று ஒரு விதி வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போவது வேறு கணக்கு. வண்டி கடலூர், சிதம்பரம் வழியாகப் போனாலும் இரண்டும் ஒரே யூனியன் பிரதேசம். ஒரே பதிவின் கீழ் இரண்டு இடமும் இருந்தால் டெலிவரி சலானில் அனுப்பலாம், மென்பொருளில் சாதாரண இடமாற்றம்தான். இதற்கு 'வழியில்' என்று ஓர் இடத்தை உருவாக்குங்கள். புதுச்சேரியில் ஸ்கேன் செய்ததும் எண்கள் 'வழியில்' போகட்டும், காரைக்காலில் இறக்கி ஸ்கேன் செய்த பிறகே அங்கே இருப்பாகட்டும். 30 ஏற்றி 29 இறங்கினால், எந்த எண் வழியில் நிற்கிறது என்று அன்றே தெரியும்.

எந்த மென்பொருள்

இஆர்பிநெக்ஸ்ட், ஓடூ, ஜோஹோ இன்வென்டரி மூன்றிலும் பொருளுக்குப் பொருள் சீரியல் கணக்கை இயக்கும் வசதி இருக்கிறது. டேலி பிரைமில் பேட்ச் வசதியை வைத்து ஒரு பேட்சுக்கு ஒரு பொருள் என்று சமாளிப்பவர்கள் உண்டு. சின்னக் கடைக்கு ஓடும், ஆனால் 'ஒன்று அல்லது பூஜ்யம்' என்ற விதியை அது தானாகக் காக்காது, நீங்கள்தான் காக்க வேண்டும். எதை எடுத்தாலும் இரண்டு விஷயத்தை முதல் நாளே செய்யுங்கள்: இருப்பு மைனசில் போக அனுமதிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், பதிவான சீரியலைத் திருத்தும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள்.

ஏற்கெனவே வரவு செலவு நடந்த பொருளுக்குப் பாதியில் சீரியல் கணக்கை இயக்கச் சில மென்பொருள்கள் விடாது. இஆர்பிநெக்ஸ்ட் இதை வெளிப்படையாகவே தடுக்கும். அப்படி இருந்தால் புதிய ஐட்டம் கோடு உருவாக்கி, சீரியல் டிக் போட்டு, பழைய கோட்டில் உள்ள இருப்பை வெளியே எடுத்து, புதிய கோட்டில் எண்களோடு உள்ளே வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, எந்தப் பெட்டியும் நகராத நேரத்தில் இதைச் செய்யுங்கள். ஒருவர் ஸ்கேன் செய்ய, ஒருவர் பெட்டியில் சுண்ணாம்புக் கோடு போட. எல்லா மாடலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பேட்டரியில் தொடங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பிறகு ஏ.சி.

ஸ்டாக் சோதனையும் மழைக்காலமும்

சோதனையின்போது கம்ப்யூட்டர் பட்டியலைக் கையில் கொடுத்து டிக் போடச் சொல்லாதீர்கள். பட்டியலைப் பார்த்தால் பார்க்காத பெட்டிக்கும் டிக் விழும். வெறும் ஸ்கேனரோடு அனுப்பி, ஒவ்வொரு ரேக்காக ஸ்கேன் செய்துவரச் சொல்லி, பிறகு ஒப்பிடுங்கள். கணக்கில் உண்டு தரையில் இல்லை, தரையில் உண்டு கணக்கில் இல்லை, இரண்டிலும் உண்டு ஆனால் ரேக் வேறு என்று மூன்று விதமாக வரும். முதல் இரண்டும் ஒரே மாடலில் சமமாக வந்தால் அது பெரும்பாலும் வாசலில் நடந்த பெட்டி மாற்றம். அந்த மாடலின் சமீபத்திய பில்களைப் பார்த்து வாடிக்கையாளரிடம் பெயர்த்தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் தீர்ந்துவிடும்.

2011 தானே புயலையும் 2024 ஃபெஞ்சலையும் பார்த்த கரையில் குடோன் வைத்திருப்பவர்கள், சீரியலோடு ரேக்கையும் தட்டையும் பதிவது அவசியம். தண்ணீர் புகுந்தால் கீழ்த்தட்டில் இருந்த எண்களின் பட்டியல் ஒரே தேடலில் கிடைக்கும். அவற்றை அன்றே 'நிறுத்தி வைத்தது' என்று நிலை மாற்றிவிட்டால் நனைந்த பொருள் காய்ந்த பிறகு தவறுதலாகக்கூட விற்பனைக்குப் போகாது. அட்டைப்பெட்டி ஊறி ஸ்டிக்கர் போயிருக்கும், ஆகவே பெயர்த்தட்டு எண் தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுத்து, வாங்கிய பில் எண்ணோடு சேர்த்து இன்சூரன்சுக்குக் கொடுங்கள். சீரியல் பட்டியலின் நகல் தினமும் இரவு குடோனுக்கு வெளியே, வேறொரு கட்டடத்திலோ இணையச் சேமிப்பிலோ பதிவாகும்படி அக்டோபருக்கு முன்பே அமைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து, ஒரு எண்ணைத் தேடிப் பார்த்து, அது வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்.